உள்ளே போகாத மருந்து

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் மேலே பார்ப்பார். பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். வங்கியாக இருக்கட்டும், பல் வைத்தியரின் காத்திருப்பு அறையாக இருக்கட்டும், துக்கம் விசாரிக்கப் போன வீடாகவே இருக்கட்டும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் கூரைக்குப் போய்விடும். மின்விசிறியைத் தேடுகிறார் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. கடவுளைத் தேடுகிறார் என்று நினைத்தால் அதைவிட அப்பாவி. அவர் தேடுவது விளக்கை. விளக்கு எங்கே தொங்குகிறது, அதன் வெளிச்சம் எந்த நாற்காலியின் மேல் நேராக விழுகிறது, எங்கே உட்கார்ந்தால் தன் உச்சந்தலை யார் கண்ணிலும் படாமல் சுவரைப் பார்த்திருக்கும் என்பதையெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டு, மற்றவர்கள் வேண்டாமென்று விட்டுவைத்த மூலை நாற்காலியில் போய் அடக்கமாக உட்கார்ந்துகொள்வார்.

என்ன பணிவு என்று துக்க வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

வாசகரே, இந்த இனத்துக்கு மேல்பூச்சுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். முடி கொட்டுகிறவர் எல்லோரும் இதில் சேர்த்தி இல்லை. போனால் போகட்டும் என்று மழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. காதோரம் மிஞ்சிய நாலு முடியை நீளமாக வளர்த்து, ஆற்றின் மேல் பாலம் போடுவதுபோல இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை போட்டுவிட்டு, அந்தப் பாலம் தூக்கிக்கொள்ளாதபடி காற்றின் திசை பார்த்தே வாழ்நாளெல்லாம் நடக்கிற பொறியாளர்கள் உண்டு. டாக்டரைப் பார்த்து, அவர் எழுதித் தந்த மாத்திரையை விழுங்கிவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. மேல்பூச்சுக்காரர் இவர்களில் யாரும் இல்லை. அவருக்கு முடி வேண்டும். ஆனால் அதற்காக எதுவும் உள்ளே போகக் கூடாது. மேலே தடவலாம், தேய்க்கலாம், நுரையாக அப்பலாம், முள் பதித்த உருளையால் உழலாம், சொட்டுச் சொட்டாக விடலாம். விழுங்குவது மட்டும் கூடாது.

இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி ஒன்று எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. என் அக்காவின் கணவர்.

அத்தான் ஒரு பெயின்ட் கம்பெனியில் விற்பனை அதிகாரி. வீடு வீடாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து, எங்கே ஓதம் ஏறியிருக்கிறது, எங்கே சுண்ணாம்பு உதிர்கிறது, எத்தனை பூச்சு தேவைப்படும் என்று சொல்கிற வேலை. அதில் கெட்டிக்காரர். "உள்ள ஈரத்த வச்சுக்கிட்டு மேல எத்தனை கோட் அடிச்சாலும் உரிஞ்சுதான் வரும் சார், முதல்ல உள்ள சரி பண்ணுங்க" என்று அவர் வாடிக்கையாளரிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். சுவருக்குத் தெரிந்த இந்த ஞானம், சுவரைத் தட்டிய கையை உச்சந்தலைக்குக் கொண்டுபோகும்போது எங்கே போனது என்று யோசித்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். வணிகவியல். ஆனால் பட்டத்தையே பார்த்திராத வீட்டில் எந்தப் பட்டமும் எல்லாப் பட்டமும்தான். குழாய் ஒழுகினாலும் என்னைக் கேட்பார்கள், கண்ணுக்குள் பூச்சி விழுந்தாலும் என்னைக் கேட்பார்கள். அப்படித்தான் அத்தான் முடிக்குப் போடுகிற சொட்டு மருந்தின் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளைப் படித்துச் சொல்கிற பொறுப்பும் என்னிடம் வந்தது.

"அத்தான், மாத்திரையும் இருக்காமே? டாக்டர் அதத்தான் முதல்ல சொன்னாராமே?"

அத்தான் எழுந்து கதவைச் சாத்தினார்.

"மாப்ளே, மாத்திரைங்கிறது விலாசம் எழுதாத கடுதாசி. தலைக்குப் போகட்டும்னு அனுப்புவோம். அது போற வழியில எந்தெந்த வீட்டுக் கதவத் தட்டுமோ, யாரு கண்டா? சில வீட்டுக் கதவெல்லாம் தட்டவே கூடாது."

"எந்த வீடு அத்தான்?"

"உனக்குக் கல்யாணம் ஆகட்டும், சொல்றேன்."

பிறகு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது அப்படி இல்ல. நேர்ல கொண்டு போய்க் கையில குடுக்கிற மாதிரி. எங்க வைக்கிறமோ அங்கயே நிக்கும். மேலோட நிக்கிற மருந்து."

மாத்திரை என்றாலே பயப்படுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். தலைவலிக்கு விழுங்குவார், புளித்த ஏப்பத்துக்கு விழுங்குவார், தும்மல் வரப்போகிறது என்ற சந்தேகத்துக்கு முன்கூட்டியே விழுங்குவார். தெருமுனையில் எந்த எண்ணெயில் எதைப் பொரித்தாலும் நின்று சாப்பிடுவார். அதெல்லாம் எந்தக் கதவையும் தட்டாமல் நேரே போய்விடும் போலிருக்கிறது. கதவு தட்டுகிற கெட்ட பழக்கம் இந்த ஒரு மாத்திரைக்குத்தான்.

அவருடைய கம்பெனி மேனேஜர் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர். மேனேஜருக்கு முடி நன்றாக வந்துவிட்டது. இது அத்தானின் வாழ்க்கையில் ஒரு பெரிய இடி.

"முடி இருக்கு மாப்ளே, இல்லேங்கல. ஆனா முகத்துல ஒரு களை இல்ல, பாத்தியா? நடையிலகூட ஒரு தளர்ச்சி. பாவம், வீட்ல என்ன நிலைமையோ."

அந்த வருடமே மேனேஜருக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. அத்தான் ஒரு வாரம் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "கணக்குப் பாத்தா, அது மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி" என்று தீர்ப்புச் சொன்னார். மேனேஜர் மாத்திரை ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. யானைகூட அவ்வளவு நாள் சுமக்காது.

இப்போது அவருடைய மாலை வழிபாட்டைச் சொல்லவேண்டும். வேலையிலிருந்து வந்ததும் குளியலறைக் கண்ணாடி முன்னால் நிற்பார். பின்னால் ஒரு கண்ணாடி, கையில் ஒரு கண்ணாடி. மூன்றுக்கும் நடுவில் நின்று, வாலைத் துரத்துகிற நாய்போலத் தன் உச்சியைத் துரத்துவார். பிறகு சீப்பின் முனையால் வகிடு எடுப்பார். வயலில் பாத்தி கட்டுகிறவன்கூட அவ்வளவு நேர்த்தியாகக் கட்ட மாட்டான். என்ன, இங்கே பாத்திதான் இருக்கிறது, பயிர்தான் இல்லை. ஒவ்வொரு பாத்தியிலும் சொட்டு விடுவார். விரல் நுனியால் அழுத்துவார். அப்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். ஜுரத்தில் கிடந்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற தாயின் முகம். அக்காவுக்கு ஜுரம் வந்தபோது அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

காய்வதற்கு நேரம் வைத்திருக்கிறார். செல்போனில் அலாரம். சேவல் கூவும். ஊரெல்லாம் விளக்கேற்றும் நேரத்தில் எங்கள் அக்கா வீட்டில் மட்டும் சேவல் கூவும். பக்கத்து வீட்டுக்காரி புதிதாகக் குடிவந்தபோது, கோழி வளர்க்கிறார்கள் என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் சொல்லியிருக்கிறாள்.

தத்துவத்திலும் அவர் குறை வைத்தவர் இல்லை. மருந்து தொடங்கிய புதிதில் முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. "பழசு போனாத்தானே புதுசு வரும்? கொட்டுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். பிறகு கொட்டுவது நின்றது. "நின்னுடுச்சு பாத்தியா? வேலை செய்யுது." பிறகு மறுபடி கொட்டியது. "ரெண்டாம் சுற்று." கொட்டினாலும் வெற்றி, கொட்டாவிட்டாலும் வெற்றி. இப்படிப்பட்ட நம்பிக்கையுள்ள ஒருவர் மதம் தொடங்காமல் பெயின்ட் விற்கிறாரே என்று எனக்கு வருத்தம்.

மாதம் ஒரு முறை உச்சந்தலையைப் படம் எடுக்கிற வேலையும் எனக்குத்தான். அதே ஜன்னல், அதே ஸ்டூல், அதே குனிவு. எடுத்து முடித்ததும் போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "என்ன மாப்ளே, வித்தியாசம் தெரியுதா?" என்பார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஒரு கலை. உடனே "ஆமாம்" என்றால் மனசுக்காகச் சொல்கிறோம் என்று கண்டுபிடித்துவிடுவார். "இல்லை" என்றால் அக்கா வீட்டில் அன்று சாப்பாடு இறங்காது. கண்ணைச் சுருக்கவேண்டும். படத்தைச் சற்றுத் தூரமாகப் பிடிக்கவேண்டும். பெருமூச்சு விடவேண்டும். பிறகு மெதுவாக, "முடின்னு சொல்ல முடியல அத்தான், ஆனா ஒரு நிழல் தெரியுது" என்று சொல்லவேண்டும்.

"நிழல்! அதான்! நானும் அதத்தான் நினைச்சேன்!"

அது அவருடைய சொந்த நிழல்தான். ஸ்டூலில் குனிந்தால் விழாமல் என்ன செய்யும்?

ஒரு நாள் அம்மா வந்திருந்தபோது, அத்தான் சோர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆறுதல் சொல்ல நினைத்து, "விடுங்க மாப்பிள்ளை, இதுக்குப் போயி. மயிரைக் கட்டி மலையை இழுப்போம். வந்தா மலை, போனா மயிருன்னு பெரியவங்க சொல்லலையா?" என்றாள்.

அத்தான் எழுந்துவிட்டார். "போனா மயிரா? எவன் சொன்னது? அவன் தலையில நிறைய இருந்திருக்கும் அத்தை, அதான் கட்டி இழுத்திருக்கான்!"

அன்றிலிருந்து அம்மா அந்த வீட்டில் பழமொழி சொல்வதில்லை.

இதுவரை நீங்கள் சிரித்திருந்தால் நல்லது. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இனிமேல் தலையணையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அத்தானின் தலையணைக்கு வெள்ளை உறை. அது தலையணை இல்லை, ஆய்வுக்கூடம். காலையில் எழுந்ததும் அதன்மேல் குனிந்து, இரவு உதிர்ந்தவை எத்தனை என்று பார்ப்பார். வெள்ளையில் கறுப்பு நன்றாகத் தெரியும். அதில் ஈரத்தோடு சாய்ந்தால் மருந்து கறை படியும், முடி ஒட்டிக்கொள்ளும், கணக்குக் கெட்டுவிடும். ஆகவே சொட்டு விட்டதிலிருந்து சேவல் கூவும்வரை, அவர் தன் தலையணையில் தலை வைக்கமாட்டார். பக்கத்திலிருக்கும் தலையணையில் வைத்துக்கொண்டு செல்போன் பார்ப்பார். அக்காவின் தலையணை.

அந்தத் தாளை நான் படித்துச் சொல்லியிருந்தேன். "'நன்றாகக் காய்ந்த பிறகே படுக்கவும், பிறர் தோலில் படக் கூடாது'ன்னு போட்டிருக்கு அத்தான்" என்றேன்.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் தப்பிச்சுக்கிறதுக்குப் போடறது. தவிர, நான் எங்க படுத்தேன்? சாஞ்சிருக்கேன்."

"அக்கா தலையணை கறையாகாதா?"

"அது பூப்போட்ட உறை மாப்ளே. தெரியாது."

மூன்று வருடம் படித்து வாங்கிய பட்டம் அப்போது என் சட்டைப்பையில் சும்மா இருந்தது. தலையணையில் கறை தெரியாது என்பது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அக்கா ஒரு பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற கவுன்டரில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு முகம் காட்டுகிற வேலை. வந்ததும் அடுப்படி, துணி, பாத்திரம் எல்லாம் முடித்துவிட்டு வந்து விழுந்தால், வலது கன்னத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு தூங்குவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அடித்து எழுப்பினாலும் அந்தப் பக்கம் திரும்பித்தான் மறுபடி தூங்குவாள்.

அவள் கன்னத்தில் முடி வர ஆரம்பித்தது.

முதலில் பூனைமுடி. பிறகு பூனைமுடி என்று சொல்ல முடியாத முடி. பார்லருக்குப் போய் நூல் போட்டு எடுத்தாள், மறுபடி வந்தது. கவுன்டரில் ஒரு சின்னப் பெண் தன் அப்பாவிடம், "இந்த ஆன்ட்டிக்கு ஏன்ப்பா ஒரு பக்கம் மட்டும் தாடி?" என்று கேட்டிருக்கிறது. குழந்தை கேட்டதில் சூது இல்லை. அப்பா அதன் வாயைப் பொத்தியதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. அடுத்த வாரமே முதல் கவுன்டரிலிருந்து கடைசிக் கவுன்டருக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே வலது பக்கம் சுவர்.

வீட்டிலும் அவள் மாறிப்போனாள். சிரித்தால் கை கன்னத்துக்குப் போகும். பிறகு சிரிப்பதே குறைந்தது. ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவள் மேலே பார்த்தாள். விளக்கு எங்கே இருக்கிறது என்று. கணவனும் மனைவியும் சேர்ந்து உள்ளே வந்து, ஒரே மூலை நாற்காலிக்காக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அத்தான் சும்மா இருந்துவிடவில்லை. சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல அக்காவை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது உள் கோளாறு. ஹார்மோன். மேல என்ன தடவினாலும் நிக்காது. உள்ளதான் சரி பண்ணணும்."

உள்ளே! அந்த வாயா சொன்னது? அதே வாய்தான்.

தெருவிலிருந்த டாக்டரிடம் கூட்டிப் போனார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. "சரியா இருக்குன்னா இன்னும் ஆழத்துல இருக்குன்னு அர்த்தம்" என்றார் அத்தான். டாக்டரும் எதற்கும் இருக்கட்டும் என்று ஹார்மோன் மாத்திரை எழுதினார். அக்காவுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் குமட்டும், கவுன்டரில் உட்கார்ந்திருக்கும்போது தலை சுற்றும். வேண்டாம் என்பாள். அத்தான் தண்ணீர் டம்ளரோடு எதிரில் நிற்பார்.

"முழுங்கு, முழுங்கு. மாத்திரைக்குப் போயி யாராவது பயப்படுவாங்களா?"

அவள் விழுங்குவாள். விழுங்கிவிட்டு, வெறும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். "ஏன்டா தம்பி, எனக்கு உள்ள என்னவோ கெட்டுப்போச்சு இல்ல? குழந்தை வேற இன்னும் தங்கல. எல்லாம் அதனாலதானோ?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டாள். படித்தவன் அல்லவா, என்னிடம்தானே கேட்கவேண்டும்? எனக்குத் தெரியவில்லை என்று சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் தோல் டாக்டர் ஒருவரிடம் நேரம் வாங்கினோம். டாக்டரம்மா இங்கிலீஷில் ஏதாவது சொன்னால் புரியவேண்டுமே என்று என்னையும் கூட்டிப்போனார்கள். அறையில் நுழைந்ததும் அக்காவும் அத்தானும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள். தப்பிக்க வழியில்லை. நான்கு பக்கமும் விளக்கு.

டாக்டரம்மா அக்காவின் கன்னத்தை ஒரு பூதக்கண்ணாடி விளக்கு வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், மறுபடி இந்தப் பக்கம் வந்தார்.

"வலது பக்கம்தான் இவ்வளவு இருக்கு. இடது பக்கம் ஒண்ணுமே இல்லயே. ஹார்மோனுக்கு இடது வலது தெரியாதும்மா. இந்தக் கன்னத்துல ஏதாவது தடவுறீங்களா? கிரீம், எண்ணெய்?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். பவுடர்கூட விட்டுட்டேன்."

டாக்டரம்மா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். டாக்டர் எழுதும்போது சாதாரண மனிதன் சும்மா இருப்பான். ஆனால் மேல்பூச்சுக்காரர் கட்டணம் இல்லாத டாக்டர் கிடைத்தால் விடுவாரா? கட்டணம் அக்காவுக்குக் கட்டியாகிவிட்டது. இனி தன் தலையைக் காட்டுவது இலவசம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இவ விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும் டாக்டர். எனக்கு ஒரு சின்ன சந்தேகம்." வாழ்க்கையில் முதல்முறையாகத் தானாகவே விளக்குக்கு நேர் கீழே தலையைக் குனித்தார். "ஒரு சொட்டு மருந்து போடறேன். ரொம்ப நாளாச்சு. மாத்திரை பக்கமே போகல. ஒரு நிழல் தெரியுதுன்னு சொல்றாங்க. ஆனா இன்னும் பிடிக்கல. ஒருவேளை காயவைக்கிற நேரம் பத்தலையோ?"

"எப்படிக் காயவைக்கிறீங்க?"

கேட்டாரே ஒரு கேள்வி! இத்தனை வருடத்தில் அவருடைய முறையைப் பற்றி ஒரு டாக்டர் ஆர்வமாகக் கேட்பது இதுவே முதல் தடவை. அத்தான் மலர்ந்தார். பாத்தியிலிருந்து தொடங்கினார். சொட்டு, விரல் அழுத்தம், சேவல் எல்லாம் சொன்னார். "என் தலையணையில மட்டும் ஈரத்தோட படுக்கவே மாட்டேன் டாக்டர். அதுல ரொம்பக் கண்டிப்பு. காயற வரைக்கும் இவ தலையணையிலதான் சாஞ்சிருப்பேன்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"யாரு தலையணையில?"

"இவளோடதுல."

டாக்டரம்மா அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க எந்தப் பக்கம் சாஞ்சு தூங்குவீங்கம்மா?"

அக்காவின் கை மெதுவாக எழும்பி வலது கன்னத்தின் மேல் வந்து உட்கார்ந்தது.

"மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது சார்" என்றார் டாக்டரம்மா. "ஆள்தான் மாறிடுச்சு."

வாசகரே, இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்வான்? மனைவியைப் பார்ப்பான். பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று நினைப்பான். அத்தானும் அக்காவைப் பார்த்தார். நன்றாகக் குனிந்து, அவள் கையை விலக்கி, வலது கன்னத்தை அந்த வெளிச்சத்தில் பார்த்தார். அவர் கண்ணில் நான் கண்டது வெட்கம் இல்லை. பொறாமை.

"அப்ப மருந்து ஒரிஜினல்தான்!" என்றார். பிறகு டாக்டரம்மாவிடம், "இவ்வளவு அடர்த்தி எத்தனை நாள்ல டாக்டர் வந்திருக்கும்?"

டாக்டரம்மா அக்காவிடம்தான் பேசினார். தலையணையை மாற்றச் சொன்னார். மருந்து படுவது நின்றால் சில மாதங்களில் தானாகவே உதிர்ந்துவிடும் என்றார். அந்த ஹார்மோன் மாத்திரை தேவைப்படாது என்று தோன்றுகிறது, எழுதித் தந்த டாக்டரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். "உள்ள எதுவும் கெட்டுப்போகலம்மா. டெஸ்ட்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று அக்காவின் தோளைத் தொட்டார். அக்கா அப்போதுதான் அழுதாள்.

எழுந்து வரும்போது டாக்டரம்மா அத்தானைக் கூப்பிட்டார். "மேல தடவினாலும் கொஞ்சம் உள்ள போகத்தான் சார் செய்யும். உங்களுக்கு வேணும்னா மாத்திரையே எழுதித் தரட்டுமா?"

அத்தான் வாசலைத் தாண்டி வராந்தாவுக்குப் போயிருந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. அதில் மேனேஜரின் தளர்ச்சி துளியும் இல்லை.

விலாசம் எழுதாத கடுதாசிக்குப் பயந்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாரே, அது பக்கத்து வீட்டில் சேர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்து வீடு அதைத் திருப்பியும் அனுப்ப முடியாமல், யாரிடமும் சொல்லவும் முடியாமல், தன்னிடம்தான் குற்றம் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அடுப்படிக்குப் போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் தண்ணீர் டம்ளர், ஒரு கையில் மிச்சமிருந்த மாத்திரை அட்டை. அத்தானுக்கு எதிரில் நின்றாள்.

"முழுங்குங்க. மாத்திரைக்குப் போயி யாராவது பயப்படுவாங்களா?"

"ஏய், விளையாடாத. அது பொம்பளைங்களுக்கு."

"உங்க மருந்து மட்டும் என்ன, என் கன்னத்துக்கா எழுதினது?"

அத்தான் என்னைப் பார்த்தார். படித்தவன் காப்பாற்றுவான் என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் கூரையில் விளக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வற்புறுத்தவில்லை. டம்ளர் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு அவருடைய வேலைப் பையைத் திறந்து, தேடி, ஓர் எச்சரிக்கை அட்டையை எடுத்தாள். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் மாட்டிவிட்டு வருவதற்காக அவர் எப்போதும் வைத்திருக்கும் அட்டை அது. சிவப்பு எழுத்தில் "ஈரப் பூச்சு. சாயாதீர்கள்" என்று இருக்கும். ஊர்ச் சுவரையெல்லாம் காப்பாற்றிய அட்டை. அதைக் கொண்டுபோய்த் தன் பக்கத்துக் கட்டில் தலைமாட்டில் மாட்டினாள்.

இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

அத்தான் இப்போது சாப்பாட்டு மேஜை அருகே, முதுகு சாய முடியாத ஸ்டூலில் உட்கார்ந்து காயவைக்கிறார். மருந்தை விடவில்லை. விடுவாரா? கன்னத்தில் அவ்வளவு நன்றாகப் பிடித்ததைப் பார்த்த பிறகு அவருடைய நம்பிக்கை இரட்டிப்பாகிவிட்டது. "மருந்துல குத்தமே இல்ல மாப்ளே, என் தோல்தான் கொஞ்சம் பிடிவாதம்" என்கிறார்.

அக்காவின் கன்னம் தெளிந்துவிட்டது. மறுபடி முதல் கவுன்டருக்கு வந்துவிட்டாள். சிரிக்கும்போது கை கன்னத்துக்குப் போவதுமட்டும் இன்னும் முழுதாக நிற்கவில்லை. அத்தான் புதுத் தலையணை வாங்கித் தந்தார். உறை வாங்கித் தந்தார், பூப்போடாதது. முகத்துக்கு ஒரு கிரீம் வாங்கித் தந்தார், மேலே தடவுவது. பார்லருக்குத் தானே வண்டியில் கொண்டுவிட்டார். எல்லாம் செய்தார். ஒன்றைத் தவிர.

இந்த இனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீங்கள் கேட்கலாம். முடியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. என் தலையில் நிறையவே இருக்கிறது. ஆனாலும் பட்டம் வாங்கிய நாளிலிருந்து நானும் எதையோ மேலே தடவிக்கொண்டு, உள்ளே ஏதாவது முளைத்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க உட்கார்ந்தபோது விளக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? இல்லையென்றால் சந்தோஷம். ஆனாலும் எதற்கும் ஒருமுறை எழுந்துபோய், உங்கள் பக்கத்தில் படுக்கிறவரின் தலையணையைத் தொட்டுப் பாருங்கள். உங்களுடையதை அல்ல. உங்களுடையது சுத்தமாகத்தான் இருக்கும்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் ஸ்டூலில் அத்தான், ஈரத் தலையோடு. நெடுநேரம் அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை பொறாமையாகத் தெரியவில்லை. தொண்டையைச் செருமினார்.

"அது வந்து..." என்றார்.

அக்கா கத்தியை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனை நாளாகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"அது வந்து... அன்னைக்கு நான்..."

சேவல் கூவியது.

"காஞ்சிடுச்சு" என்று எழுந்துபோனார்.